கண்ணாடி பூட்டி முடிந்தது 2016, ஏவியது 2021: இடையில் என்ன செய்தார்கள்?

கொக்குவில் மாஸ்ரர்

உயர்தர வகுப்பில் ஒளியியல் படிப்பிக்கும்போது நாசாவின் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைகாட்டியைப் பற்றிக் கதை வந்தது. பிரதான ஆடியின் 18 துண்டுகளில் கடைசித் துண்டு 2016 பெப்ரவரியில் பூட்டப்பட்டது, றொக்கட்டில் ஏறியது 2021 டிசம்பர் 25 என்றேன். பின்வாங்கிலிருந்து ஒரு பிள்ளை, "அப்ப சேர், இடையில ஆறு வருசம் கிட்ட சும்மா வச்சிருந்தவையோ?" என்று கேட்டாள். பரிசோதித்தார்கள் என்று சொன்னேன். "எதைப் பரிசோதிச்சவை?" என்று அடுத்த கேள்வி. மணி அடித்துவிட்டது.

எனக்குத் தெரிந்த ஒழுங்கு இதுதான். மேரிலாந்தில் உள்ள நாசாவின் கோடார்ட் நிலையத்தில் பூட்டி, அங்கேயே குலுக்கியும் பெருஞ்சத்தத்துக்குள் வைத்தும் பார்த்தார்கள். 2017 இல் ஹியூஸ்டனுக்குக் கொண்டுபோய்க் குளிரில் வைத்தார்கள். பிறகு கலிபோர்னியாவில் வெயில்மறைப்போடும் விண்கலத்தின் உடற்பகுதியோடும் சேர்த்து, திரும்பவும் குலுக்கி, விரித்து, மடித்து, கப்பலில் பிரெஞ்சு கயானாவுக்கு அனுப்பினார்கள்.

இவற்றில் எந்தச் சோதனை உண்மையாகவே ஒரு பிழையைப் பிடித்தது? எது பேருக்குச் செய்தது? தொழில் தெரிந்த ஆட்கள் எழுதுங்கோ.

நெடுந்தீவான்

மாஸ்ரர், சுருக்கமாகச் சொன்னால் காசு வந்துகொண்டிருந்தது, அவர்களும் சோதித்துக்கொண்டிருந்தார்கள். 1990களின் கடைசியில் போட்ட மதிப்பீடு 1 பில்லியன் டொலருக்குள். 2007 இல் ஏவுவதாகக் கதை. முடிந்தபோது ஏறக்குறைய 10 பில்லியன். இங்கே ஒரு பாலம் இப்படி இழுபட்டால் நாங்கள் என்ன பேச்சுப் பேசுவோம்?

2018 இல் நடந்ததைப் பாருங்கள். ஒலிச் சோதனை முடிந்து பார்த்தால், வெயில்மறைப்பின் மூடியிலிருந்து திருகாணிகளும் வாசர்களும் கழன்று கிடக்கின்றன. உந்துவிசைத் தொகுதியின் வால்வுகளைத் தவறான கரைப்பானால் கழுவிப் பழுதாக்கிய கதையும் அந்தக் காலத்தில்தான் வெளியே வந்தது. பிழையைச் சோதனை பிடித்தது என்று இதைப் பெருமையாகச் சொல்லுவார்கள். முதலே ஒழுங்காகப் பூட்டியிருந்தால் பிடிக்க என்ன இருந்திருக்கும்?

சுன்னாகம் லேத்

திருகாணி விசயத்தில் நான் வாய் திறக்கலாம், அதுதான் எனக்குச் சோறு போடுகிறது.

நெடுந்தீவு அண்ணை, ஒழுங்காகப் பூட்டியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல ஏலாது. ஒரு போல்ட்டை இறுக்கும்போது அது மிகச் சிறிதளவு நீளுகிறது. நீண்டது பழையபடி சுருங்கப் பார்க்கும். அந்த இழுவிசைதான் இரண்டு தகட்டையும் சேர்த்துப் பிடித்து வைத்திருக்கிறது. இழுவிசை போதாவிட்டால், அதிரும்போது தகடுகள் பக்கவாட்டில் துளித்துளியாக வழுக்கும். ஒவ்வொரு வழுக்கலிலும் மரையின் பிடி ஒரு கணம் விடும், நட் தன்பாட்டில் திரும்பும். மேசையில் வைத்துப் பார்த்தால் இறுகியதும் இறுகாததும் ஒரே மாதிரித்தான் தெரியும்.

இதற்குத்தான் லொக் நட் போடுகிறோம். ஆனால் லொக் நட்டில் மரையைக் கவ்விப் பிடிக்கும் இடம் வழக்கமாக மேல் நுனியில் இருக்கும். போல்ட் அந்த இடம்வரை ஏறாவிட்டால் அதுவும் சாதாரண நட்தான். வெப்பில் கழன்றவையும் சரியாக இறுகாத நட்டுகள் என்றுதான் விசாரித்தவர்கள் சொன்னார்கள்.

அந்த வெயில்மறைப்பு ஐந்து படை. வெயிலைப் பார்க்கிற படை 0.05 மில்லிமீற்றர், மற்ற நாலும் 0.025 மில்லிமீற்றர் தடிப்பு. அதை மூடி வைத்திருக்கும் பகுதியில் ஒரு திருகாணி கழன்று, நிறையில்லாத வெளியில் மிதந்து, படைகளுக்கு நடுவே போய் நின்றுகொண்டு விரியும்போது கிழித்தால் யார் போய்த் தைக்கிறது? தரையில் கழன்றபடியால் பொறுக்கி எடுத்தார்கள்.

இணுவில் சவுண்ட்

சத்தத்தில் என்ன சோதனை என்று சிலர் நினைக்கக்கூடும். கோடார்ட் நிலையத்தின் ஒலி அறை 42 அடி உயரம். ஒலிபெருக்கியின் வாய் மட்டும் 6 அடி அகலம். 150 டெசிபல் வரை போகும்.

இந்த எண்ணைச் சும்மா வாசித்துவிட்டுப் போகாதீர்கள். திருவிழாவுக்கு நாங்கள் கட்டுகிற செற்றில், பெட்டிக்கு முன்னால் காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிற இடத்தில் 120 டெசிபல் இருக்கும் என்று வையுங்கள். பத்து டெசிபல் ஏறினால் வலு பத்து மடங்கு. ஆகவே 150 என்பது அதைப்போல ஆயிரம் மடங்கு. அந்த அளவில் சத்தம் காதுக்குரிய சங்கதியாக இராது, காற்றே பொருளை அடிக்கும்.

பாரமான இரும்புக்கு இது பெரிதாக ஒன்றும் செய்யாது. அகலமாகவும் பாரம் குறைவாகவும் இருக்கிற சாமானைத்தான் போட்டு உலுப்பும். வெப்பின் ஆடித் துண்டுகளும் வெயில்மறைப்பும் அந்தச் சாதிதான். றொக்கட் கிளம்பும்போது மூக்குக் கூண்டுக்குள் இருக்கிற காற்று இப்படித்தான் அடிக்கும். குலுக்கும் மேசையில் அடியிலிருந்து மட்டும்தான் ஆட்டலாம், காற்று எல்லாப் பக்கத்தாலும் அடிக்கும். இரண்டும் வேண்டும்.

மாஸ்ரர், விருப்பமென்றால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வாருங்கள். ஒரு தகட்டில் பத்துத் திருகாணியை வெவ்வேறு இறுக்கத்தில் பூட்டி பாஸ் பெட்டிக்கு மேலே வைத்துவிடுவோம். எது முதலில் ஆடத் தொடங்குகிறது என்று அவர்களே பார்க்கட்டும். லேத் அண்ணை தகடு தருவார்தானே?

சுன்னாகம் லேத்

தருவேன். வாசரும் சேர்த்துத் தருவேன், வாசரைத் திருப்பித் தர வேண்டும்.

பௌதிகப் பிள்ளை

நான் யாழ் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் படிக்கிறேன். சேர் கேட்ட கேள்விக்கு நேரடிப் பதில் ஒன்று இருக்கிறது: 2016 டிசம்பர், கோடார்ட். அதிர்வுச் சோதனையின்போது உணரிகள் எதிர்பாராத ஒன்றைக் காட்டின, உடனே நிறுத்தினார்கள். தேடிப் பார்த்ததில், ஏவும்போது ஆடியின் மடிந்த இறக்கை ஒன்றைப் பிடித்து வைக்கிற பூட்டுகள் மிகச் சிறிதாக அசைந்திருக்கின்றன. உடைவு ஒன்றுமில்லை. ஆனால் காரணம் விளங்கும்வரை அடுத்த அடி வைக்கவில்லை, 2017 ஜனவரியில்தான் மறுபடி தொடங்கினார்கள். குலுக்குவதற்கு முன்னும் பின்னும் ஆடியின் வளைவைக் குறுக்கீட்டுமானியால் (ஒளி அலைகளைக் கொண்டு மிக நுணுக்கமாக அளக்கும் கருவி) அளந்து, ஏதும் மாறியிருக்கிறதா என்றும் ஒப்பிட்டார்கள்.

ஆனால் எனக்குப் பிடித்தது குளிர்ச் சோதனைதான். இந்த ஆடிகளை அறை வெப்பநிலையில் பிழையான வடிவத்தில்தான் மினுக்கினார்கள், அதுவும் வேண்டுமென்றே. துண்டுகள் பெரிலியம் என்ற உலோகத்தால் செய்தவை, குளிரும்போது ஒவ்வொரு துண்டும் தன் போக்கில் கொஞ்சம் நெளியும். அதனால் ஓரளவு மினுக்கிய துண்டை அலபாமாவில் உள்ள மார்ஷல் நிலையத்துக்கு அனுப்பி, கிட்டத்தட்ட −240 பாகை செல்சியஸ் வரை குளிர்த்தி, எங்கே எவ்வளவு நெளிகிறது என்று அளந்தார்கள். அந்த நெளிவுக்கு எதிர்மாறாக மறுபடி மினுக்கி, மறுபடி குளிர்த்திப் பார்த்தார்கள். இப்படி 18 துண்டு. மேலே பூசிய தங்கம் மொத்தம் 48 கிராம் சொச்சம். ஆறு பவுண். நல்லூரில் ஒரு கலியாணத்துக்கே காணாது.

2017 இல் ஹியூஸ்டனில் ஆடியையும் கருவிகளையும் சேர்த்து வைத்த கூடம் அப்பல்லோ காலத்தில் கட்டியது. 27 மீற்றர் உயரம், 17 மீற்றர் அளவு விட்டம். வெளிச்சுற்றில் திரவ நைதரசன், உள்ளே ஈலியத்தால் குளிர்த்திய இன்னொரு சுவர். பம்பிகளின் அதிர்வு வராமல் இருக்கத் தொலைகாட்டியை மேலேயிருந்து தண்டுகளில் தொங்கவிட்டிருந்தார்கள். ஜூலையில் கதவைச் சாத்தினார்கள். காற்றை இழுத்தெடுக்கவே சுமார் பத்து நாள், குளிர்த்த இன்னும் ஒரு மாதம் அளவில். நவம்பரில்தான் கதவு திறந்தது.

இடையில் ஓகஸ்ட் கடைசியில் ஹார்வி சூறாவளி. வீதியெல்லாம் வெள்ளம். வேலை செய்தவர்கள் அங்கேயே படுத்தெழும்பினார்கள். நைதரசன் கொண்டுவரும் வண்டிகள் வருமா என்பதே பெரிய கவலை. நைதரசன் தீர்ந்து குளிர்ச்சி கட்டுப்பாடில்லாமல் விட்டுப்போனால், உறைந்து சுவர்களில் ஒட்டியிருந்த ஆவியெல்லாம் கிளம்பி, கூடத்தில் எது இன்னும் குளிராக இருக்கிறதோ அதில் போய்ப் படியும். அது ஆடியாக இருந்துவிட்டால்? அதனால் குளிர்த்துவதைப் போலவே சூடேற்றுவதையும் மெல்ல மெல்லத்தான் செய்ய வேண்டும்.

ஆஸ்பத்திரி வீதிக் கண்ணாடிக்கடை

தங்கச்சி வடிவாக எழுதியிருக்கிறாள். நான் வெப்புக்கு முந்திய ஹபிள் விண்வெளித் தொலைகாட்டியைப் பற்றி எழுதாமல் விட்டால் இந்த இழை முழுமையாகாது.

1990 ஏப்ரலில் ஏவினார்கள், இரண்டு மாதத்தில் படம் மங்கல் என்று தெரிந்துவிட்டது. 2.4 மீற்றர் ஆடியின் விளிம்பு 2.2 மைக்கிரோன் (ஒரு மைக்கிரோன் மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒன்று) கூடுதலாகத் தட்டையாக இருந்தது. மினுக்கியவர்கள் கவனமில்லாதவர்கள் அல்ல. மினுக்கும்போது ஆடியை அளந்த கருவிக்குள் ஒரு வில்லை 1.3 மில்லிமீற்றர் தள்ளிப் பூட்டப்பட்டிருந்தது. அந்தக் கருவி சரி என்று சொல்லும்வரை மினுக்கினார்கள். அதுவும் சரி என்று சொல்லிவிட்டது.

எங்கள் கடையில் வில்லையின் பவர் பார்க்கிற கருவியும் அப்படித்தான். பார்க்கிறவர் தன் கண்ணுக்கு ஏற்ற மாதிரிக் கண்வில்லையை முதலில் சரிசெய்யாவிட்டால் எல்லா வில்லையும் பிழையாகத்தான் காட்டும். அன்றைக்கு வெட்டிய அத்தனை வில்லையும் ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகும், கருவியோடும் ஒத்துப்போகும், வாடிக்கையாளரின் கண்ணோடு மட்டும் ஒத்துப்போகாது. காலையில் வெறுங்கருவி பூச்சியம் காட்டுகிறதா என்று பார்க்காமல் நான் ஒரு வில்லையும் வைப்பதில்லை.

ஹபிளில் எனக்கு இன்னும் ஆறாத விசயம் வேறு. வேறு இரண்டு கருவிகள் பிழை இருக்கிறது என்று காட்டியிருக்கின்றன. அவை துல்லியம் குறைந்தவை என்று சொல்லி ஒதுக்கிவிட்டார்கள். துல்லியம் குறைந்த கருவிக்கும் தெரிகிற அளவுக்குப் பிழை பெரிது என்று யாரும் யோசிக்கவில்லை. 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் போய்த் திருத்தி வைத்தார்கள். ஹபிள் பூமிக்கு மேலே சில நூறு கிலோமீற்றரில் இருந்தபடியால் போக முடிந்தது. வெப் 15 லட்சம் கிலோமீற்றர் தள்ளி நிற்கிறது.

நெடுந்தீவான்

ஐயா, நீங்கள் எழுதியது என் பக்கத்துக்கே சாட்சி. சோதித்தும் கோட்டை விட்டார்கள். சோதனையைக் கூட்டினால் மட்டும் என்ன வந்துவிடப் போகிறது? ஒவ்வொரு முறை தூக்கி வைப்பதும், குலுக்குவதும், விரித்து மடிப்பதும் அதற்கே கேடு. 2017 இல் வெயில்மறைப்பை விரித்துப் பார்க்கும்போது கிழிந்தது சோதனையில்தானே?

ஆஸ்பத்திரி வீதிக் கண்ணாடிக்கடை

சோதனையைக் கூட்டச் சொல்லி நான் எழுதவில்லை. ஒரே கருவியால் நூறு தரம் அளந்தாலும் அது ஒரு அளவுதான். ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு வழியால் அளக்க வேண்டும், இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் வேலையை நிறுத்த வேண்டும். வெப்பின் ஆடியைக் கோடார்டில் அளந்தார்கள், ஹியூஸ்டனில் குளிரில் அளந்தார்கள், அங்கேயே தொலைகாட்டிக்குள் ஒளியை அனுப்பி அதன் சொந்தக் கருவிகளாலும் பார்த்தார்கள். அது ஹபிளிடம் படித்த பாடம்.

கிழிந்தது பற்றி: ஓம், விரித்து மடிப்பதால் தேய்மானம் இருக்கிறது. அதனால்தான் ஆசைக்கு விரித்துப் பார்ப்பதில்லை. ஆனால் 2018 இல் டொம் யங் தலைமையில் இருந்த மீளாய்வுக் குழு எண்ணிச் சொன்னது: ஒன்று பிசகினாலே முழுப் பயணத்தையும் கெடுக்கக்கூடிய இடங்கள் 344. அவ்வளவையும் விரித்துப் பார்க்காமல் அனுப்பும் நெஞ்சுரம் எனக்கு இல்லை.

நெடுந்தீவான்

சரி, அப்ப இதற்குப் பதில் சொல்லுங்கள். முழுத் தொலைகாட்டியும் வெயில்மறைப்போடு சேர்த்துக் குளிரில் எப்போதாவது சோதிக்கப்பட்டதா?

பௌதிகப் பிள்ளை

இல்லை அண்ணா. விரித்த வெயில்மறைப்பு 21 மீற்றருக்கு 14 மீற்றர். ஹியூஸ்டன் கூடத்துக்குள் அது போகாது. ஆடியும் கருவிகளும் மட்டும்தான் அங்கே உண்மையான குளிரைக் கண்டன. வெயில்மறைப்பு எவ்வளவு குளிர்ச்சியைத் தரும் என்பதைச் சிறிய மாதிரியை வைத்தும் கணினிக் கணிப்பாலும் தீர்மானித்தார்கள்.

இன்னொன்று, பூமியில் எதைச் செய்தாலும் ஈர்ப்பு கூடவே இருக்கிறது. 6.5 மீற்றர் ஆடி தன் பாரத்தாலேயே தொய்யும். விரிக்கும்போது இறக்கைகளின் பாரத்தைத் தாங்க வெளியே கயிறும் கப்பியும் வேண்டும். விண்வெளியில் அவை இல்லை. ஆகவே அளந்த எண்ணிலிருந்து ஈர்ப்பின் பங்கைக் கணக்கால் கழிக்க வேண்டும். அந்தக் கணக்கு சரியா என்பதை எப்படிச் சோதிப்பது? இதில்தான் வடிவமைத்தவர்கள் கெட்டித்தனம் செய்தார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் பின்னால் ஏழு இயக்கிகள்: ஆறு இடத்தை மாற்ற, ஒன்று வளைவை மாற்ற. ஏறத்தாழ பத்து நனோமீற்றர் படிகளில் அசைக்கலாம். கீழே எல்லாம் சரியாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, மேலே போய்த் திருத்தக்கூடிய எல்லைக்குள் இருந்தால் போதும். அந்த எல்லைக்குள் இருக்கிறதா என்பதைத்தான் ஹியூஸ்டனில் பார்த்தார்கள்.

முடிவு தெரிந்ததுதான். 2 மைக்கிரோன் அலைநீளத்தில் கோணல் எல்லை வரை கூர்மை வேண்டும் என்பது நிபந்தனை. கிடைத்தது 1.1 மைக்கிரோனில்.

கொக்குவில் மாஸ்ரர்

கோணல் எல்லை என்றால் என்ன என்று வெளியாட்கள் கேட்க முன்: ஒளி அலையாக இருப்பதால், ஒரு ஆடி எவ்வளவு குற்றமில்லாமல் இருந்தாலும் அதற்கு மேல் கூர்மையாகக் காட்ட முடியாது என்ற எல்லை. அலைநீளம் குறையக் குறைய அந்த எல்லையைத் தொடுவது கடினம். 2 கேட்ட இடத்தில் 1.1 என்பது சின்ன விசயம் இல்லை.

நெடுந்தீவானின் கேள்வி நல்ல கேள்வி. முழுதாகச் சோதிக்க முடியாத ஒன்றைக் கட்டலாமா என்பது அவர்களுக்கும் உறைத்திருக்க வேண்டும். அடுத்து வரும் ரோமன் தொலைகாட்டியைப் பாருங்கள். ஆடி ஹபிளின் அளவு, 2.4 மீற்றர், மடிக்கத் தேவையில்லாத ஒரே துண்டு. உளவுச் செய்மதிகளுக்காகச் செய்து பாவிக்காமல் இருந்ததை 2012 இல் நாசாவுக்குக் கொடுத்தார்கள். 2025 நவம்பரில் கோடார்டில் முழுதாகப் பூட்டி முடித்தார்கள். 2027 மே மாதத்துக்குள் ஏவுவது என்பது கெடு. விரிய வேண்டிய பாகங்கள் வெப்போடு பார்க்கக் கொஞ்சம்தான்.

நெடுந்தீவான்

அதைத்தான் நானும் சொல்ல வருகிறேன். கூடத்துக்குள் அடங்குகிற அளவில் கட்டினால் காசும் மிச்சம், காலமும் மிச்சம்.

பௌதிகப் பிள்ளை

கூடத்துக்குள் அடங்குகிற அளவில் கட்டியிருந்தால் முதல் விண்மீன் மண்டலங்களின் ஒளி கிடைத்திருக்காது. அந்த ஒளி விரிந்து விரிந்து செந்நிறக்கீழ் அலையாகத்தான் வந்து சேர்கிறது, அதைப் பிடிக்கக் குளிரும் வேண்டும், பெரிய ஆடியும் வேண்டும். ரோமன் அகலமாகப் பார்க்க, வெப் ஆழமாகப் பார்க்க. இரண்டையும் ஒரே தராசில் போடாதீர்கள் அண்ணா.

சுன்னாகம் லேத்

கயானாவில் நடந்ததை ஒருவரும் எழுதவில்லை. 2021 நவம்பர், றொக்கட்டோடு இணைக்கும் அடித்தட்டில் தொலைகாட்டியைப் பொருத்துகிறபோது, அதைச் சுற்றிப் பிடிக்கும் பட்டி திடீரென்று விடுபட்டுவிட்டது. இறுக்கி வைத்த பட்டி விடுபட்டால் அதன் அதிர்ச்சி மேலே ஆடி வரைக்கும் போகும். அத்தனை வருசம் சோதித்த சாமானுக்குக் கடைசி மாதத்தில் யாரும் கேட்காத ஒரு உதை. திரும்பவும் சில சோதனைகள் செய்து, ஒன்றும் பழுதில்லை என்று உறுதிப்படுத்திய பிறகுதான் எரிபொருள் நிரப்பினார்கள். டிசம்பர் 18 என்று இருந்தது 22 ஆனது, பிறகு தொடர்புக் கோளாறால் 24, காலநிலையால் 25.

என் எண்ணம், அந்த உதையைக் கண்டு பதறாமல் இருக்க முடிந்ததே முன்னைய குலுக்கல்களால்தான். இதைவிடக் கூட அடி வாங்கி நின்றது என்பதற்குக் கையில் அளவு இருந்தது.

வல்வைக் கடலோடி

நான் முழுக்க வாசித்துக்கொண்டு வந்தேன், எனக்குக் கப்பல் விசயம்தான் வேண்டும். கோடார்டிலிருந்து ஹியூஸ்டனுக்கும் பிறகு கலிபோர்னியாவுக்கும் விமானத்தில் கொண்டுபோனவர்கள் கயானாவுக்கு மட்டும் ஏன் கடலால் போனார்கள்?

பௌதிகப் பிள்ளை

விமானம் கயேன் நகரில்தான் இறங்கலாம். அங்கிருந்து ஏவுதளம் இருக்கிற கூரூவுக்குப் போகும் வீதியில் உள்ள பாலங்கள் பெட்டியோடு சேர்ந்த அந்தப் பாரத்தைத் தாங்காது. அதனால் கலிபோர்னியாவில் கப்பலேற்றி, பனாமாக் கால்வாயால் வந்து, 2021 ஒக்ரோபர் 12 இல் கூரூ துறைக்குப் போய்ச் சேர்ந்தது. புறப்படும் நாளை முன்கூட்டி அறிவிக்கவில்லை. கடற்கொள்ளையரைப் பற்றிக்கூடக் கதை அடிபட்டது.

வல்வைக் கடலோடி

பெட்டியைத் திறந்தால் கொள்ளைக்காரன் என்ன செய்வான், ஆறு பவுணைச் சுரண்டுவானா?

துறை ஆற்றுக்குள் இருக்கிறது. கப்பல் தட்டாமல் போக அந்த ஆற்றைத் தோண்டி ஆழமாக்கி, பெருக்கு நேரம் பார்த்துத்தான் உள்ளே விட்டிருக்கிறார்கள். ஆழம் தெரியாத கழிமுகத்துக்குள் வத்து நேரத்தில் அந்தச் சாமானோடு போக எந்தக் கப்பல் தலைவனும் ஒப்பமாட்டான். அந்தப் பயணத்தில் பெட்டிக்குள் காற்றை எப்படி உலர்வாக வைத்திருந்தார்கள் என்று தெரிந்தவர்கள் எழுதுங்கோ, உப்புக் காற்று என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும்.